சம்பிரதாய வரியா?

கேள்வி: "கணவர் மட்டுமல்ல, நல்ல நண்பரும்கூட" என்று இரங்கல் செய்திகளில் எழுதுகிறார்களே, வெறும் சம்பிரதாயம்தானே?
- வாசகி, ஆக்லாந்து

பதில்: எவரெஸ்ட் ஏறிய உங்கள் ஊர்க்காரர் எட்மண்ட் ஹிலாரியைப் பாருங்கள். 1975இல் காட்மாண்டு விமான விபத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தார். 1979இல் அவருக்குப் பதிலாக அன்டார்டிகா சுற்றுலா விமானத்தில் பயணிகளுக்கு விளக்கம் சொல்லப் போன நண்பர் பீட்டர் மல்க்ரூ, எரெபஸ் மலை விபத்தில் மாண்டார். மல்க்ரூவின் மனைவி ஜூனை 1989இல் ஹிலாரி மணந்தார். 'நண்பனின் மனைவியையா?' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால், முதல் கணவரின் பேச்சை எடுத்தாலே இரண்டாமவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் உலகில், "அவனைப் பற்றி இன்னும் சொல்" என்று கேட்கக்கூடியவர் நண்பர் ஒருவர்தான். 2008இல் மறைந்த ஹிலாரிக்கு ஆக்லாந்தில் அரசு மரியாதை. உங்கள் நாட்டு ஐந்து டாலர் நோட்டிலும் அவர் முகம்தான். இவையெல்லாம் நாடு தந்த மரியாதைகள். கணவர் பதவி தாலியோடு வந்துவிடும். நண்பர் பதவிக்கு மனைவிதான் ஓட்டுப் போட வேண்டும். ஆகவே அந்த வரி சம்பிரதாயம் அல்ல, தேர்தல் முடிவு!