கடைசி நாழிகைக் கணக்கு

கேள்வி: சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நாழிகையில் மனந்திரும்பியே பரதீசு பெற்றுவிட்டான். அப்படியிருக்க, இளமையிலேயே கடவுளைத் தேடி அவஸ்தைப்படுவானேன்?

பதில்: அன்று இயேசுவின் இருபுறமும் தொங்கிய கள்ளர் இருவர் என்பதையும், இருவருக்கும் கிடைத்த அவகாசம் ஒரே அளவாய் இருந்தும் மற்றவன் அதை ஏளனம் பேசியே செலவிட்டான் என்பதையும் லூக்கா சுவிசேஷத்தின் 23-ஆம் அதிகாரம் சொல்கிறதே, அவ்விருவரில் தாங்கள் யாராக இருப்பீர்கள் என்பதை இப்போதே நிச்சயித்துக்கொண்டுவிட்டீர்களா? தவிரவும், மனந்திரும்பியவன் அதற்கென்று முகூர்த்தம் குறித்துவிட்டுக் காத்திருந்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை.

கேள்வி: ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் மரணப்படுக்கை வரையில் ஞானஸ்நானத்தை ஒத்திவைத்தாரே, அவர் சாமர்த்தியசாலிதானே?

பதில்: 325-இல் நைசியா சங்கத்தைக் கூட்டிய அவர், 337-இல் நிக்கோமீடியாவின் அருகே நோயுற்றுக் கிடந்தபோதுதான் ஞானஸ்நானம் பெற்றார் என்பது மெய்யே, ஆனால், பின்னாளில் அதே ரோம சாம்ராஜ்யத்தை ஆண்ட இரண்டாம் வாலண்டினியன், தமக்கு ஞானஸ்நானம் அளிக்க வருமாறு மிலான் நகரத்து அத்தியட்சர் அம்புரோசுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அவர் வந்து சேருமுன்பே 392-இல், 21-ஆம் வயதில் மாண்டுபோனார் என்பதும் அதே அளவுக்கு மெய். அவர் கொண்டிருந்த விருப்பத்தையே தேவன் ஏற்றுக்கொள்வார் என்று அம்புரோஸ் இரங்கலுரையில் ஆறுதல் கூற நேர்ந்தது.

கிருபைக்குக் காலக்கெடு இல்லை, நமக்கு உண்டு. ஆகையால் தேடுவதென்றால் இன்றே தேடுங்கள்.