இதோ வருகிறேன், அப்புறமாக!

கேள்வி: வெளிநாட்டுக்கு வேட்டையாடப் போகிறவர்கள் அந்த ஊர்ப் பேச்சையும் ரசிப்பார்களா? இல்லை, கண்ணெல்லாம் மான்கொம்பு மேலேயேதானா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: ரசிக்கத் தெரியாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்! தென்னாப்பிரிக்காவில் வழிகாட்டி 'ஜஸ்ட் நவ் வருகிறேன்' என்றால், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராகிவிடாதீர்கள். அங்கே அதற்கு 'அப்புறமாக, எப்போதாவது' என்று அர்த்தம். கொஞ்சம் சீக்கிரம் வருவதாக இருந்தால் 'நவ் நவ்' என்பார். நம் ஊர் 'இதோ கிளம்பிட்டேன்' வகையறா!

'ரோபோ பக்கத்தில் திரும்பு' என்றால் இயந்திர மனிதனைத் தேட வேண்டாம். அது டிராஃபிக் சிக்னல். காட்டுக்குள் கூட்டிப்போகும் பிக்கப் வண்டி 'பக்கி'. வழியில் கொறிக்க 'பில்டாங்': வினிகரும் கொத்தமல்லி விதையும் சேர்த்துக் காயவைத்த உப்புக்கண்டம். சாயங்காலம் தணலில் இறைச்சி வாட்டும்போது 'லெக்கர்' என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிரமாதம் என்று பொருள். அநேகமாக இன்னொரு துண்டு தட்டில் விழும்.

குடு மானைக் கோட்டைவிட்டுத் திரும்பினால் 'ஷேம்' என்பார்கள். கோபப்படாதீர்கள், 'அடப் பாவமே' என்கிறார்கள். அழகான குழந்தையைப் பார்த்தாலும் இதே 'ஷேம்'தான்! 'ஆமாம்', 'இல்லை' இரண்டையும் ஒட்டவைத்து ஒரே பதிலாகச் சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. (நம் அரசியல்வாதிகள் யாரும் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.)

இந்தப் பேச்சையெல்லாம் ரசிக்கத் துப்பாக்கி லைசென்ஸ் தேவையில்லை. அதே ஆப்பிரிக்காவில் கென்யா பக்கம் போனாலோ, 1977 முதல் வேட்டைக்கே தடை. அங்கே கேமராவோடு போய் வாருங்கள்.