நன்னன் வீட்டுக்கு வழி

அச்சன்புதூரில் யாரிடமாவது பண்பொழி திருமலைக் கோயிலுக்கு வழி கேட்டுப் பாருங்கள். கை நீளும். "அந்தா தெரியுதுல்லா, அதான்." முடிந்தது. மலை கண்ணுக்குத் தெரிகிறது, கால் உடம்போடு இருக்கிறது, இதற்கு மேல் புத்தகம் எதற்கு?

லண்டன்காரர்களுக்கு இது போதவில்லை. 1857-இல் ஆல்பைன் கிளப் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அதன் முதல் தலைவர் ஜான் பால், 1863 முதல் ஆல்ப்ஸ் மலைக்கு ‘ஆல்பைன் கைடு’ என்று பாகம் பாகமாக எழுதித் தள்ளினார். நல்ல காரியம்தான். ஆனால் நம்மவர் ஒருவர் அதே வேலையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே 583 அடிகளில் முடித்துவிட்டுப் போய்விட்டார். இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி மலை ஏறிவிடலாம்.

நூல் மலைபடுகடாம், பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு. பசித்த கூத்தர் கூட்டம் ஒன்று வாத்தியங்களைச் சுமந்துகொண்டு வருகிறது. கூட வரும் விறலியரின் பாதம் கல்லில் நடந்து நடந்து, ஓடிக் களைத்த நாயின் நாக்குப் போல ஆகிவிட்டதாம். எதிரே பரிசு வாங்கிய பூரிப்பில் இன்னொரு கூத்தன். எங்கேய்யா கிடைத்தது என்றால், செங்கண்மா, நன்னன் என்கிறான். செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம்; நன்னன் அதை ஆண்டவன். நடுவில் மலை இருக்கிறது. அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டான் வழி சொல்ல.

தினைப்புனத்தில் பன்றிக்குக் கல்பொறி வைத்திருப்பார்கள், பொழுது விடிந்தபின் போங்கள். பாம்பு ஒடுங்கிக் கிடக்கும் குழிகள் உண்டு. விறலியர் கைகூப்பிக் கும்பிடட்டும், நீங்கள் ஒதுங்கி நடங்கள். யானையை விரட்டக் குறவர்கள் கவண்கல் எறிவார்கள். அது எமன் மாதிரி வரும், மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து போங்கள். சுனை ஓரம் பாசி வழுக்கும், மூங்கில் தண்டையும் கோரைத் தண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். இருட்டிவிட்டால் ஏதாவது குகையில் சொந்த வீடு மாதிரிப் புகுந்து படுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், "அண்ணாச்சி, நாங்கள் ஊரிலேயே பட்டினி கிடந்துகொள்கிறோம்" என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். புலவருக்கும் அது தெரியும். அதனால்தான் ஆபத்துக்கு இடையிடையே சாப்பாட்டை வைக்கிறார்: நெய்யில் வெந்த இறைச்சியோடு தினைச்சோறு, மூங்கில் குழாயில் முதிர்ந்த தேன் கள். நன்னன் பெயரைச் சொன்னால் போதும், குறவர் வீடுகளில் எல்லாம் இலவசம். ஜான் பாலின் வாசகர்கள் விடுதியில் பில் கொடுத்தவர்கள், பாவம்.

சாப்பாட்டை விட எனக்குப் பிடித்த இடம் வேறு. வழி பிரிகிற இடத்தில், போகவேண்டிய பாதையைத் துடைத்துவிட்டு, புல்லை முடிந்து அடையாளம் வையுங்கள் என்கிறான். பின்னால் வருகிறவன் தடம் மாறக் கூடாதே! பரிசு வாங்கப் போகிற போட்டிக் கூத்தனுக்குப் புல் முடிந்து வைக்கச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும். இன்றைக்கு ஒரு கல்யாணக் கச்சேரிக்கு வழி கேட்டால் எதிர்த் திசையைக் காட்டிவிடுவார்கள்.

1889-இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றினார். நச்சினார்க்கினியருக்கு ஒரு பழக்கம் உண்டு. இங்கே கிடக்கும் சொல்லைத் தூக்கி அங்கே கிடக்கும் சொல்லோடு முடிந்து பொருள் சொல்வார். புலமைக்கு அது அழகுதான். அதை நம்பி மலையேறினால், குகையில் கும்பிட்டுவிட்டுப் பாம்புக் குழியில் படுக்க நேரிடும்.

சரி, நம் குற்றாலத்துக்கு என்ன வழிகாட்டி இருந்தது? அகத்தியர் வந்தபோது ஒன்றும் இல்லை. புராணப்படி குற்றாலநாதர் கோயில் அப்போது பெருமாள் கோயில். சிவனடியார் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் இலஞ்சி முருகனிடம் போய் யோசனை கேட்டார், வைணவ வேஷம் போட்டுத் திரும்பி வந்தார், பெருமாள் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கிவிட்டார். அந்தத் தலைவலிக்குத்தான் குற்றாலநாதருக்கு இன்றும் மூலிகைத் தைலம் என்கிறார்கள்.

பிறகு 18-ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மலையைப் பற்றிக் குறத்தி அளக்கிறாள் அளக்கிறாள், தேனருவி வரை வர்ணிக்கிறாள். வழி மட்டும் ஒரு வரி இல்லை. குரங்குகள் பழத்தைக் கொடுத்துக் கொஞ்சுமாம். குற்றாலத்தில் பழப்பையோடு நடந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்; அந்தப் பரிமாற்றம் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. எச்சரிக்கை என்று தேடினால் ஒன்றே ஒன்று: அருவித் திரை வானத்து வழியில் பாய்வதால் தேர்ச்சக்கரமும் குதிரைக்காலும் வழுக்கும். அதுவும் நமக்கல்ல, சூரியனுக்கு.

இந்தக் குறவஞ்சிக்கு மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். குறவஞ்சிமேடு என்று பெயர். புல் முடியச் சொன்னவருக்கு என்ன கிடைத்ததோ!

குறவஞ்சியின் வழிகாட்டி அம்மாள், அதாவது குறத்தி சிங்கி; அவள் புருஷன் சிங்கன் கதி இன்னும் மோசம். பெண்டாட்டியைக் காணாமல் தேடி அலைகிறான். ஒருவழியாகக் கண்டுபிடித்தால், அவள் காலைச் சுற்றிப் பெரிய விரியன் பாம்பு கிடக்கிறதே என்று அலறுகிறான், மலையிலே பிறந்து வளர்ந்த வேட்டைக்காரன்! அது சேலத்துப் பக்கம் குறி சொல்லி வாங்கிய சிலம்படா என்கிறாள் சிங்கி.