பதினாறும் பேனாவும்

கே: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகன் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிறான். என்ன செய்யலாம்? (ஓர் அம்மா, விருதுநகர்)

எந்தப் புத்தகம் தாயி? வேதியியல் என்றால் கொட்டாவி நியாயமானதுதான். பையனுக்குக் கிரிக்கெட் பைத்தியமா? டெண்டுல்கர் வாழ்க்கைக் கதையை வாங்கி டிவி ரிமோட் பக்கத்தில் போட்டு வையுங்கள். ‘படிடா’ என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு என்பது அதில் ஒன்று. உங்கள் பிள்ளையின் புத்தகம் இன்னும் வீடு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கே: கதை, கவிதை படித்தால் வேலை கிடைக்குமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

வேலைக்கு விண்ணப்பம் எழுதவே நாலு வரி கோவையாக வரணுமே, தம்பி!

கே: புத்தகம் படிக்க ஆரம்பித்ததிலிருந்து என் மகள் எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறாள்! (ஒரு தந்தை, சேலம்)

இந்தப் பயம் பழசு ஐயா. அமெரிக்காவின் பால்டிமோரில் ஃபிரெடரிக் டக்ளஸ் என்ற அடிமைச் சிறுவனுக்கு எஜமானியம்மா எழுத்து சொல்லிக்கொடுத்தார். எழுத்து தெரிந்த அடிமை அடங்கமாட்டான் என்று வீட்டுக்காரர் தடுத்தார். பையன் விடவில்லை. தெருவில் வெள்ளைக்காரப் பொடியன்களுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்துப் பாடம் வாங்கினான். 1838-இல் தப்பினான், 1845-இல் தன் கதையையே புத்தகமாகப் போட்டான். மகள் கேள்வி கேட்கிறாள் என்றால் புத்தகம் வேலை செய்கிறது. நீங்களும் ஒன்றைப் படித்துவிட்டு வாதத்துக்கு உட்காருங்கள்.

கே: வீட்டைவிட்டு வெளியே விட மாட்டார்கள். நான் எதை வாசிக்க, எதை எழுத? (பெயர் வேண்டாம் என்ற மாணவி)

துவரங்குறிச்சிக்குப் போவோம் மகளே. அங்கே 13 வயதில் ஒரு சிறுமியின் பள்ளிப் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள். மளிகைச் சாமான் மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து, கசங்கலை நீவி வாசித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு கழிவறைக்குள் நின்றுகொண்டு கவிதை எழுதினாள். ‘சல்மா’ என்ற புனைபெயரில் அவை வெளியே போயின. 2001-இல் பேரூராட்சித் தலைவர், 2004-இல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நாவல், 2025-இல் மாநிலங்களவை உறுப்பினர். கதவுக்குத்தான் தாழ்ப்பாள், காகிதத்துக்கு ஏது?

கே: கட்டுரை எழுதச் சொன்னால் பிள்ளைகள் நோட்ஸில் இருப்பதை அப்படியே இறக்குகிறார்கள். (ஓர் ஆசிரியை, தருமபுரி)

‘மரம் வளர்ப்போம்’ என்று தலைப்புக் கொடுத்தால் நோட்ஸ்தான் வரும் டீச்சர். 1994-இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எரின் குருவெல் என்ற புது ஆசிரியைக்குக் கிடைத்தது, தேறாது என்று மற்றவர்கள் கைகழுவிய வகுப்பு. தெருவில் கும்பல் சண்டை, துப்பாக்கிச் சூடு. நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியை அவர் மாணவர்கள் கையில் கொடுத்தார். கூடவே ஆளுக்கொரு நோட்டும் கொடுத்து அவரவர் கதையை எழுதச் சொன்னார். 150 பேர் எழுதினார்கள். 1999-இல் அது புத்தகமானது, 2007-இல் சினிமாவானது. நீங்கள் ‘நேற்று ராத்திரி உன் வீட்டில் என்ன நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். அடிஷனல் ஷீட் கேட்பார்கள். சிவப்பு மையை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

கே: டைரி எழுதினால் மனசு லேசாகும் என்பது உண்மையா? (ஒரு செவிலியர் மாணவி, நாகர்கோவில்)

பெருமளவு உண்மை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இது. மனதை அறுக்கும் அனுபவங்களைக் கல்லூரி மாணவர்கள் தினம் 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். எழுதிய கையோடு மனசு கனத்தது. ஆனால் அடுத்த சில மாதங்களில், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட இவர்கள் டாக்டரிடம் போனது குறைவு. ஒரு கண்டிப்பு: சோகம் வாரக்கணக்கில் விடாமல் பிடித்தால், டைரியையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடமே போங்கள்.

கே: நான் பிளஸ் டூ ஃபெயில். எழுத்தாளன் ஆக முடியுமா? (ஒரு டூவீலர் மெக்கானிக், கோவில்பட்டி)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தாரே! இடைசெவல் கி. ராஜநாராயணன் பள்ளிப் படிப்பை முடிக்காதவர், சம்சாரி. புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு வருகைதரு பேராசிரியர் ஆக்கியது. பள்ளியைப் பாதியில் விட்ட ஜெயகாந்தனுக்கு 2002-க்கான ஞானபீட விருது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தே வண்டியின் சீக்கைச் சொல்லும் உங்களிடம், எந்த எழுத்தாளரிடமும் இல்லாத நாவல் ஒன்று இருக்கிறது. எழுதுவதற்கு ஹால் டிக்கெட் கேட்பவர் யாருமில்லை.

கே: எங்கள் ஊர் நூலகம் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது. (இளைஞர் ஒருவர், அறந்தாங்கி அருகே)

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்: நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். காசு கட்டியாச்சு, சாவி எங்கே என்று கேளுங்கள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு மனு எழுதுங்கள். அதுவும் எழுத்துதான், தம்பி. கதவைத் திறக்கிற எழுத்து.

கே: சரி, வாசிப்பையும் எழுத்தையும் எப்போது ஆரம்பிக்கலாம்? நல்ல நாள் சொல்லுங்கள். (பாலிடெக்னிக் மாணவர், வேலூர்)

இதுவரை வந்துவிட்டீர்களே, வாசிப்பு ஆரம்பமாயிற்று. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் வெற்றிடம் இருக்கிறது பாருங்கள். என் பதில்களில் எது தப்பு என்று அங்கே எழுதுங்கள். காரணத்தோடு!