கண்ணால் கச்சேரி கேட்பவர்

மார்கழி பிறந்ததும் மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் தம்புராவுக்கு முன்னால் ஆஜராகிவிடுவார் ஒருவர். முழங்காலில் வலித்தைலம், கழுத்தில் 70-200 லென்ஸ் மாட்டிய இரண்டு கிலோ கேமரா, ஜிப்பாப் பையில் மூன்று பாட்டரி. பெயர் யாருக்கும் தெரியாது. கேமரா மாமா.

மாமாவின் ஜன்மப் பகை மைக். எங்கிருந்து பார்த்தாலும் பாடகருக்கு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருக்கும். வலப்பக்கம் நகர்ந்தால் வயலின் வில் குறுக்கே வரும். இடப்பக்கம் நகர்ந்தால் பின்னால் தொங்கும் ஜவுளிக்கடை பேனரின் எழுத்து வித்வான் தலையில் கொம்பாக முளைக்கும். வெளிச்சமோ அழுமூஞ்சி. ஐஎஸ்ஓவை 6400க்கு ஏற்றினால் பட்டுப்புடவை முழுக்க மணல். ஷட்டரை 1/60க்கு இறக்கினால் மிருதங்கக்காரரின் விரல்கள் புகையாகிவிடும். அது அழகுதான், ஆனால் கூடவே தலையும் புகைந்துவிடுகிறது.

சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் எல்இடி விளக்கு படத்தில் பட்டை பட்டையாய்க் கோடு போடுகிறது. பழைய ஷட்டருக்குத் திரும்பினால் நிரவலுக்கு நடுவே டக், டக். போன வருஷம் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் திரும்பினார்.

"ஓய், அவர் மிஸ்ர சாபுல பாடறார். நீர் ஆதியில கிளிக் பண்றீரே!"

மாமா அன்றிலிருந்து தாளம் போட்டுக்கொண்டுதான் படம் எடுக்கிறார்.

தனி ஆவர்த்தனம் வந்தால் மாமாவுக்குப் பொற்காலம். சபையில் பாதி கேன்டீனில் கீரை வடைக்கு நிற்க, முன்வரிசை காலி. யார் முதுகிலும் இடிக்காமல் போய் மண்டியிடலாம். மிருதங்கமும் கடமும் கோர்வையை முடித்து, ஒருவரையொருவர் பார்த்துக் களுக்கென்று சிரிக்கும் அரை நொடி இருக்கிறதே, அதற்காகத்தான் மனிதர் மூன்று மணி நேரம் மூச்சடக்கி நிற்கிறார். இரண்டு வரிசை தள்ளி இருக்கும் எனக்கு அந்தச் சிரிப்பு ஒருநாளும் தெரிந்ததில்லை. வடைக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சம்பளம்? மறுநாள் வித்வானின் வாட்ஸ்அப் டிபியில் மாமா எடுத்த படம் இருக்கும். ஓரத்தில் அவர் போட்ட பெயர் மட்டும் பக்குவமாக வெட்டப்பட்டிருக்கும். "முகம் நன்னா தெரியணும்னு வெட்டியிருப்பா" என்பார் மாமா.

ஒருநாள் கச்சேரி முடிந்து கேட்டேன்: "மாமா, மெயின் என்ன ராகம்? நான் பாதியிலதான் வந்தேன்."

"யாருக்குத் தெரியும்?" என்று கேமராத் திரையை நீட்டினார். "இந்த மூஞ்சியைப் பார்த்து நீங்களே சொல்லுங்கோ."

பார்த்தேன். கண் இறுக மூடி, புருவம் நெற்றியில் ஏறி, தாடை ஒரு பக்கம் கோணி, இடது கை எட்டாத மாம்பழத்துக்கு எட்டிக்கொண்டிருந்தது.

"தோடி?"

பக்கத்து இருக்கை மாமி பாட்டு லிஸ்ட் எழுதும் நோட்டைப் புரட்டினார்.

"தோடியேதான்."