கோடம்பாக்கம் போன கரிவண்டி

என் தாய்மாமா சினிமாவில் பெரிய ஆளாக வந்திருப்பார். ஒரு கரித்தூள் கெடுத்துவிட்டது.

இதைச் சொல்வது நானல்ல, அவரேதான். தருமபுரி பக்கம் நல்லம்பள்ளியில் புளி மண்டி வைத்திருக்கிறார். புளி தட்ட வரும் பெண்கள் எல்லோருக்கும் இந்தக் கதை மனப்பாடம். நடுவில் அவர் இருமினால், விட்ட இடத்திலிருந்து அவர்களே தொடர்ந்து சொல்லி முடித்துவிடுவார்கள்.

1971. மாமாவுக்குப் பதினேழு வயது. தாத்தா சந்தையில் கிடா விற்று வேட்டி மடிப்பில் கட்டி வைத்திருந்த பணத்தோடு கிளம்பினார். ரயிலேற மொரப்பூர் போக வேண்டும். தருமபுரிக்கு 1906-லேயே மொரப்பூரிலிருந்து ஒரு குட்டி ரயில் ஓடியிருக்கிறது. அது பிறகு ஓசூர் வரைக்கும் நீண்டது. 1941-இல், உலகப்போர் நடக்கும்போது, அதை மூடிவிட்டார்கள். ஆக ஹிட்லர் செய்த வினையால் என் மாமா பஸ்ஸுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதாயிற்று. (இந்தக் கணக்கும் அவருடையதுதான்.)

மொரப்பூரில் வந்து நின்றது டபிள்யூ.பி. ரக நீராவி இன்ஜின். தோட்டா மாதிரி மூக்கு, மூக்கின் நடுவில் ஒரு நட்சத்திரம். அதைப் பார்த்ததும் மாமாவுக்கு உடம்பு சிலிர்த்ததாம். "மாப்ள, முன்னாடி ஒரு நட்சத்திரம், பின்னாடி ஒரு நட்சத்திரம். வண்டி எப்படி இருந்திருக்கும்னு பாத்துக்க." பின்னாடி நட்சத்திரம், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு வந்தது. முடி காற்றில் பறந்தால்தானே கதாநாயகன்? ஜோலார்பேட்டை தாண்டியதும் வலது கண்ணில் விழுந்தது கரி.

நீராவி இன்ஜினின் சூட்சுமமே அதுதான். சிலிண்டரில் வேலையை முடித்த ஆவி, புகைபோக்கி வழியாகச் சீறிக்கொண்டு மேலே போகும். போகிற போக்கில் அடுப்பின் அனலையும் சேர்த்து இழுக்கும். வண்டி வேகமாகப் போகப் போகத் தீயும் தானாகக் கனிவது அதனால்தான். பாதி வெந்த கரித்துணுக்குகள் வானத்தில் பறப்பதும் அதனால்தான். அத்தனை பெரிய வானத்தில் ஒருத்தனுடைய கண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பது கரியின் சொந்தத் திறமை.

சென்ட்ரலில் இறங்கும்போது கண் இலந்தைப் பழமாகிவிட்டது. அப்படியே கோடம்பாக்கம் போய் ஒரு ஸ்டுடியோ வாசலில் நின்றிருக்கிறார். காவலாளி ஏறிட்டுப் பார்த்தாராம். "மெட்ராஸ் ஐ! கம்பெனி முழுக்க ஒட்டிக்கும். எட்டிப் போப்பா!" மெட்ராஸைப் பார்க்கப் போனவருக்கு மெட்ராஸ் ஐ பட்டம் கிடைத்தது. மூன்றாம் நாள் ஊர் திரும்பினார். தாத்தா கண்ணுக்கு விளக்கெண்ணெய் விட்டார். மற்ற இடங்களுக்கு என்ன கொடுத்தார் என்பதைப் புளி தட்டும் பெண்கள்கூடச் சொல்வதில்லை.

2019 ஆகஸ்டில் ஒருநாள் மண்டியில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். சுதந்திர தினத்தன்று எழும்பூரிலிருந்து கோடம்பாக்கத்துக்கு ஒரு பழைய நீராவி இன்ஜின் ஓடப்போகிறது என்றேன்.

தராசில் இருந்த கை நின்றது. "என்ன வயசு அதுக்கு?"

"நூத்தி அறுபத்தி நாலு."

"அந்த வயசுல கோடம்பாக்கமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போலாம் மாப்ள. ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரலாம்" என்றார்.

பதினான்காம் தேதி ராத்திரி, அதே மொரப்பூரில் ரயிலேறினோம். முந்நூறு கிலோமீட்டர் பயணம், எதற்கு? எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம். மூன்றாவது நிறுத்தத்தில் முடிந்துவிடும் ஒரு ரயில் ஓட்டத்தைப் பார்க்க. இதை என் மனைவியிடம் முழுதாகச் சொல்லவில்லை. "மாமாவுக்குக் கண் காட்டணும்" என்றேன். ஒருவகையில் உண்மைதான்.

எழும்பூரில் அதைப் பார்த்ததும் மாமா ஏமாந்துபோனார். "இவ்ளோதானா? நம்ம டிராக்டர் பெருசா இருக்குமே!"

சின்ன வண்டிதான். பூவும் மூவர்ணத் துணியும் சுற்றி, கல்யாண வீட்டு மூத்த கிழவி மாதிரி நின்றிருந்தது. உயரமான புகைபோக்கி. நடுவில் ஏறக்குறைய ஆளுயரத்தில் ஒரு ஜோடி சக்கரம். இழுப்பதெல்லாம் அந்த ஒரு ஜோடிதான். முன்னாலும் பின்னாலும் இருக்கிற சின்னச் சக்கரங்கள், அரசு அலுவலகங்களில் சிலர் இருப்பதுபோல, கூட வருபவை. தண்ணீர்த் தொட்டி வயிற்றுக்கடியிலேயே இருக்கிறது. எங்கள் பாட்டி தீபாவளிக்கு வெந்நீர் போடும் செம்பு பாய்லரைப் படுக்கவைத்து, சக்கரம் மாட்டி, இங்கிலீஷ்காரன் கையில் கொடுத்தால் இப்படித்தான் செய்திருப்பான்.

செய்தது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து கிட்சன் கம்பெனி, 1855-இல். ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது 1856-இல். அதாவது நம் பக்கம் தண்டவாளம் திறப்பதற்கு முன்பே இந்த இன்ஜின் பிறந்துவிட்டது. ஆனால் வாழ்க்கைப்பட்டது கல்கத்தா பக்கம், ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்கு. நம்பர் 21, பெயர் எக்ஸ்பிரஸ். கூடவே பிறந்த தங்கைதான் நம்பர் 22, ஃபேரி குயின். தங்கை டில்லி பக்கம் சுற்றுலா வண்டி இழுத்து, 1998-இல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்துவிட்டாள். அக்காவோ 1909-இல் ஓய்வு பெற்று, நூறு வருஷம் ஜமால்பூரிலும் ஹவுராவிலும் காட்சிப் பொருளாக நின்றுகொண்டிருந்தாள். பெரம்பூர் லோகோ பணிமனைக்காரர்கள்தான் அவளைக் கொண்டுவந்து, பிரித்து மேய்ந்து, 2010 ஆகஸ்ட் 15-இல் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள்.

"நூறு வருஷம் கழிச்சு டூட்டிக்குக் கூப்பிட்டானா?" மாமாவின் குரலில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது. "என்னை எவன் கூப்டான்?"

இன்னொரு விஷயமும் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. 1857 சிப்பாய்க் கலகத்தின்போது அந்தத் தங்கை ஃபேரி குயின், கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாள். மாமா என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "குடும்பமே அந்தப் பக்கமா? அதுக்கா இன்னிக்குக் கொடி கட்டியிருக்கான்?" என்றார். ரயில் இழுத்துக்கொண்டு போகும், மாமா, யாரை ஏற்றினார்கள் என்று அது திரும்பிப் பார்க்காது என்று சமாதானம் சொன்னேன். பக்கத்தில் நின்றவர் திரும்பி எங்களைப் பார்த்தார்.

ஏற இடம் கிடைக்கவில்லை. கேட்டுப் பார்த்தோம், கிடைக்கவில்லை. மாமா அசரவில்லை. "அது கோடம்பாக்கம் வர்றதுக்குள்ள நாம அங்க இருக்கணும் மாப்ள. வரவேற்கற இடத்துல நிக்கணும்." ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறினோம். எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்த வண்டியை, பேரே இல்லாத வண்டியில் முந்திக்கொண்டு போனோம். நாற்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு மாமா கோடம்பாக்கத்தில் கால் வைத்தார். யாரும் மாலை போடவில்லை. சமோசா விற்கிறவர் மட்டும் "நகரு நகரு" என்றார்.

நடைமேடை முழுக்க மொபைலைத் தூக்கிப் பிடித்த கைகள். எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் கோணம் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை வேட்டியும் மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற மாமாவைப் பார்த்ததும் அவனுக்கு யோசனை வந்துவிட்டது.

"தாத்தா, இன்ஜின் வரும்போது கை காட்டுறீங்களா? வீடியோவுக்கு நல்லா இருக்கும்."

மாமா என்னைப் பார்த்தார். ஸ்டுடியோ காவலாளிக்கு நாற்பத்தெட்டு வருஷமாகச் சொல்லக் காத்திருந்த பதில் அந்தப் பார்வையில் இருந்தது. பிறகு அவர் செய்தவற்றையெல்லாம் நான் தடுத்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் வெளிச்சம் என்று விசாரித்தார். ஒரு கையா, இரண்டு கையா என்று கேட்டார். வசனம் உண்டா என்றார். "சும்மா டாட்டா காட்டினா போதும் தாத்தா." "தாத்தா வேணாம்." "சரிங்கண்ணா."

தூரத்தில் ஊதல் கேட்டது. இப்போதைய இன்ஜின்கள் அதட்டும், இது கூப்பிட்டது. அப்புறம் புகை. அதற்கப்புறம் அந்தச் சின்ன உடம்பு, மூச்சை எண்ணி எண்ணி விட்டபடி, ஒற்றை ஜோடிச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளில் ஒருவன் கூடவே வந்திருக்கலாம். ஆனாலும் நடைமேடை மொத்தமும் ஓவென்று கத்தியது. நானும் கத்தினேன், ஏனென்று தெரியவில்லை.

மாமா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஹீரோவுக்குக் கண்ணு தெரியணும் மாப்ள."

அவ்வளவுதான். இன்ஜின் எங்களுக்கு நேரே வந்தது. மாமா வலது கையைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் திரும்பி, வலது கண்ணுக்குப் போனது.

"ஒன் மோர்!" என்று கத்தினார். நூற்றறுபத்து நாலு வயது இன்ஜினைப் பின்னால் எடுக்கச் சொல்லும் துணிச்சல் அந்த நடைமேடையில் வேறு யாருக்கும் இல்லை.

ராத்திரி ரயிலில் ஈரத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறு கண்ணால் அந்த வீடியோவை மொரப்பூர் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் மண்டியில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மொபைல் கைமாறிக் கைமாறிப் போனது. அந்தச் சின்னத் திரையில் பூச்சூடிய இன்ஜின் கடந்து போக, மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏண்ணா, மறுபடியும் கண்ணுல கரி விழுந்திருச்சா?"

மாமா கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கரியா? அது நடிப்பும்மா. பழைய சிநேகிதன் பிரிஞ்சு போறான், சீன் அப்படி."

"ஒத்தக் கண்ணுல மட்டும் தண்ணி வருதே?"

"அதான் கஷ்டம்" என்றார் மாமா. "சிவாஜிக்கே ரெண்டு கண்ணும் வேணும்."