கண்ணீர் அஞ்சலிக்குக் கறுப்புக் கண்ணாடி எதுக்குடா?

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. மல்லாட்டை அவிச்சு வெச்சிருக்கு, எடுத்துக்க. செல்லுல என்னமோ காட்டணும்னியே, காட்டு.

அட, ஃபிளெக்ஸா! யாருக்கு? கி.ராஜநாராயணனுக்கா? நல்ல காரியந்தான். மே 17 வருதே, 2021ல அந்த மனுஷன் கண்ண மூடின நாளு. ஆனா கிழவர் எங்கடா? அந்த மூலையில தபால்தலையாட்டம் ஒரு மூஞ்சி தெரியுதே, அதா? நடுவுல ஆளுயரத்துக்கு நிக்கறது யாரு, நீயா? கையக் கட்டிக்கினு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கினு! மேல பெருசா ‘கண்ணீர் அஞ்சலி’ன்னு வேற. கெட்டிக்காரன்டா. கண்ணீர் வருதா வரலையான்னு எவனுக்குத் தெரியப்போவுது?

கீழ என்ன எழுத்து? ‘ஈடு செய்ய முடியாத இழப்பு.’ சரி. ஈடு செஞ்சு பாத்தியா நீ? ஒரு நாளாவது? பாக்காமலே முடியாதுன்னு எழுதிட்டா வேலை முடிஞ்சுபோச்சு, இல்ல?

அந்த மனுஷன் யாருன்னு தெரியுமா உனக்கு? கோவில்பட்டிப் பக்கம் இடைசெவல்னு ஒரு கரிசக்காட்டு ஊரு. அங்க சம்சாரி. மழைக்குத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினேன்னு தன்னையே கேலி பண்ணிக்குவாரு. முப்பது வயசு தாண்டித்தான் எழுத வந்தாரு. ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’யில வந்தது 1958ல. அவரைப் போயி 1989ல புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியரா கூட்டியாந்துச்சு. பட்டம் படிச்சவனெல்லாம் இவர்கிட்ட கை கட்டிப் பாடம் கேட்டான். இங்கேருந்து பஸ் ஏறினா பாண்டிச்சேரி. முப்பது வருசத்துக்கு மேல லாஸ்பேட்டையில இருந்தாரு. நீ ஒரு நாளு போனியா? ரீல் எடுக்க ராக் பீச்சுக்கு மட்டும் வாரம் தவறாம போற.

பாண்டிச்சேரியில அவர் செஞ்ச வேலை என்ன தெரியுமா? புள்ளைங்கள ஊரூரா அனுப்பினாரு. போயி கிழவன் கிழவிகிட்ட கதை கேட்டு எழுதிக்கினு வாங்கடான்னாரு. பொம்பளைங்க முந்தானைக்குள்ள சிரிச்சுக்கினு சொல்ற கதையையும் விடல. அதெல்லாம் அச்சுல வந்தப்ப படிச்ச பெரிய மனுசனுங்க மூக்கைப் பொத்திக்கினானுங்க. பொத்திக்கினே ஒளிச்சு வெச்சுப் படிச்சானுங்க, அது வேற விசயம்.

இன்னொண்ணு கேளு. அகராதின்னா பண்டிதருங்க நாலு அலமாரி புத்தகத்தப் பரப்பிக்கினு எழுதறதுன்னுதான் ஊரு நெனச்சிருந்துச்சு. இவரு காட்டுல மேட்டுல சனங்க பேசற பேச்சைப் பொறுக்கி, 1982ல ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ன்னு போட்டாரு. அந்த வழியப் புடிச்சுக்கினு பெருமாள்முருகன் கொங்குப் பேச்சுக்கு ஒண்ணு போட்டாரு. நம்ம நடுநாட்டுப் பேச்சுக்குக் கண்மணி குணசேகரன் போட்டாரு. மல்லாட்டைய வேர்க்கடலைன்னு சொன்னாத்தான் மரியாதைன்னு நெனைக்கற பயலே, உன் வாயில இருக்கறதும் தமிழுதான்னு புத்தகமே ஆயிடுச்சு. ஈடு செய்யறதுன்னா இது. அவங்க எவனும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கல.

‘கரிசல் கதைகள்’னு ஒரு தொகுப்பு போட்டாரு. தன் கதைய மட்டுமா அடுக்கினாரு? அந்த மண்ணுல எழுத வந்தவன் பேரையெல்லாம் சேத்து வெச்சாரு. ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991ல அவருக்குச் சாகித்ய அகாதெமி வந்துச்சு. பின்னால 2014ல பூமணிக்கு, 2019ல சோ.தர்மனுக்கு. எல்லாம் அந்தக் கரிசக்காட்டு ஆளுங்க. சின்னப்பசங்க நைனா நைனான்னு சுத்தினது சும்மாவா? அவரு போனப்ப ஊரடங்கு. கூட்டம் கூட முடியல. அப்பவும் அரசு மரியாதையோட இடைசெவல்ல கொண்டுபோய்ச் சேத்தாங்க. கோவில்பட்டியில நினைவரங்கமும் கட்டியாச்சு. அது சர்க்கார் செய்ய வேண்டியது, செஞ்சுது. உன் வேலை எங்க?

இருக்கறப்ப கூழு ஊத்தாதவன் செத்தப்புறம் நெய்ப்பந்தம் புடிச்சானாம். உன் ஃபிளெக்ஸு அந்தப் பந்தம்தான், வேற என்ன?

நம்ம பெருமுக்கல் மலை மேல ஏறிப் பாத்திருக்கியா? கோயிலுக்கு இல்லடா. பாறையில பழங்காலத்து ஆளுங்க கீறி வெச்சிருக்காங்களே, அதைப் பாக்க. எத்தனை கீறல்! ஒருத்தனாவது கீழ தன் பேரப் போட்டிருக்கானா? பக்கத்துல போன வருசம் எவனோ பெயிண்டுல ஆட்டின் போட்டு ரெண்டு பேரு எழுதியிருக்கான். அவன் மூஞ்சியும் உன் ஃபிளெக்ஸுல இருக்குதான்னு நல்லாப் பாத்துக்க.

கோவிச்சுக்காத. மல்லாட்டை தின்னு. ஃபிளெக்ஸுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டியா? இன்னும் இல்லியா? பொழச்ச. அந்தக் காசுல ரெண்டு நோட்டும் பேனாவும் வாங்கு. மரக்காணம் அளத்துக்குப் போ. விடியறதுக்கு முன்ன பாத்தியில எறங்கி உப்பு வாரற பொம்பளைங்க, வெயில் ஏறினதும் கரையேறிக் குந்துவாங்க. செல்லை மடியில வெச்சுக்க, வெளிய எடுக்காத. கழுவெளிப் பேய்க்கதையிலருந்து மாமியாக் கதை வரைக்கும் அவங்க பேசறபடியே எழுதிக்க. ‘பாய்ச்சறது’ன்னா பாய்ச்சறது, திருத்தாத. ஒவ்வொரு கதைக்கும் மேல சொன்னவங்க பேரு. உன் பேரு கடைசிப் பக்கத்துல, சின்னதா.

தள்ளிப்போடாத. மழை புடிச்சிட்டா அளத்துல ஒரு ஆளு இருக்காது. நாளைக்கே மொத பஸ்ஸப் புடி.